மூணு ராத்திரிக்கு எதுக்குடா இன்சூரன்ஸ்?

எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் படிப்பவனுக்கு உள்ள வேலைகள் மூன்று. மிக்சி ஓடவில்லை என்றால் திறந்து பார்ப்பது, அப்பாவின் போனில் இடம் இல்லை என்றால் குட்மார்னிங் படங்களை அழிப்பது, ஆன்லைனில் எந்த ஃபார்ம் வந்தாலும் நிரப்புவது. முதல் இரண்டிலும் நான் சுமார்தான். மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. போன மே மாதம் அந்தப் பெயரே எனக்கு வினையாக வந்தது.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை ரொம்ப வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்த முறை அப்பாவும் சரி என்றுவிட்டார். போவதே போகிறோம், அங்கிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று ராத்திரிக் கப்பலிலும் ஏறிவிடலாம் என்றார் அத்தை. அதற்கு ஒரே காரணம் எங்கள் அப்பாயி. அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய்ச் சம்பாதித்தவர். 1926-ல் கட்டிய அந்த நீராவிக் கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட நம்மாட்களை ஏற்றி இறக்கியது. டெக் டிக்கெட் எடுத்தவர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு மேல்தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனார்களாம். அப்பாயிக்கு இப்போது 72 வயது. "எங்கப்பாரு எறங்குன கரையை ஒரு தடவ பாத்துடணும்டா" என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கரைத்துவிட்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கப்பலில் ஒரு ஆளுக்கு 34,000 வீதம் நாலு பேருக்கு 1,36,000 ரூபாய். திருச்சி - சிங்கப்பூர் - திருச்சி விமானம் 76,000. விசா, அது இது என்று 14,000. மொத்தம் 2,26,000. (சிங்கப்பூர் விசா எடுக்கும்போது பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் பினாங்கு போய்விட்டுத் திரும்பவும் சிங்கப்பூருக்குள்தான் வருகிறது. ஒருமுறை நுழைவு மட்டும் இருந்தால் திரும்பி வரும்போது சிக்கல்.) அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர். அவருக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆகவே நான் டிராவல் இன்சூரன்ஸ் என்று வாயெடுத்ததும் வந்த பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதக் கணக்கில் ஐரோப்பா சுற்றப் போகிறவன் எடுக்கட்டும். ஷெங்கன் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம், அங்கே யோசிக்கவே வேண்டியதில்லை. இது மூன்று ராத்திரி. அதிலும் கப்பல் போவது மலாக்கா நீரிணையில். பக்கத்திலேயே கரை. நடுக்கடலில் ஹெலிகாப்டர் வந்து கயிறு போட்டுத் தூக்கும் சினிமா சீனுக்கெல்லாம் அநேகமாக வேலை இருக்காது. கப்பலில் டாக்டர் இருக்கிறார். பினாங்கில் வெளிநாட்டு ஆட்களே தேடி வந்து சிகிச்சை எடுக்கும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் அத்தை இருக்கிறார்.

நானும் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்து அப்பா பக்கம்தான் சாய்ந்தேன். நாலாவது செமஸ்டரில் நிகழ்தகவு பேப்பரை ஒழுங்காகப் படித்த யாருக்கும் இது தெரியும். எதிர்பார்ப்பு மதிப்பு என்று பார்த்தால் எந்த இன்சூரன்ஸும் வாங்குகிறவனுக்குச் சராசரியில் நஷ்டம்தான். கம்பெனிக்கு ஆபீஸ் வாடகை, ஏஜென்ட் கமிஷன், லாபம் எல்லாம் நாம் கட்டும் பிரீமியத்திலிருந்துதான் வர வேண்டும். வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் சராசரியில் லாபம் வந்தால் கம்பெனி எப்படி நடக்கும்?

இதை எங்கள் ஹாஸ்டல் அறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டில்காரன் "அப்ப உலகத்துல இன்சூரன்ஸ் எடுத்தவன் பூரா முட்டாளாடா?" என்றான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் டேனியல் பெர்னூலி கிடைத்தார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நம்மைப் படுத்துகிறாரே, அதே பெர்னூலிதான். 1738-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் கப்பல் இன்சூரன்ஸ் கணக்கு ஒன்று வருகிறது. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, இந்தத் தொழில் வளர்ந்ததே கப்பலை நம்பித்தான். ஜெனோவாவில் 1347-லேயே கடல் சரக்குக்குக் காப்பீட்டு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள்.

பெர்னூலியின் கணக்கு இது. பீட்டர்ஸ்பர்க் வியாபாரி ஒருவன் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கிக் கப்பலில் அனுப்புகிறான். வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். அந்தப் பருவத்தில் நூறு கப்பல் கிளம்பினால் ஐந்து முழுகும். இன்சூரன்ஸ்காரன் கேட்பது 800 ரூபிள். சராசரி நஷ்டம் 500-தான், ஆகவே 800 என்பது அநியாயம். எடுக்கலாமா, வேண்டாமா?

பெர்னூலி நேரடியாக எடு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. "இந்தச் சரக்கைத் தவிர அவன் கையில் வேறு எவ்வளவு இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறார். பணத்தின் பயனை லாக் எடுத்து அளக்கிறார். பத்து ரூபாய் வைத்திருப்பவனுக்கு ஒரு ரூபாய் போவதும், ஆயிரம் வைத்திருப்பவனுக்கு ஒரு ரூபாய் போவதும் ஒன்றல்ல, அவ்வளவுதான் உள்ளே இருக்கும் யோசனை. கடைசியில் வரும் விடை 5,043 ரூபிள். அதைவிடக் கூடுதலாகக் கையில் வைத்திருப்பவன் இன்சூரன்ஸ் இல்லாமல் துணிந்து அனுப்பலாம். குறைவாக வைத்திருப்பவன், அநியாய விலை என்று தெரிந்தே 800-ஐக் கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நம்பாமல் பைத்தானில் நாலு வரி எழுதிப் பார்த்தேன். அதே 5,043 வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அதே நாலு வரியில் எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டேன். பெட்டி தொலைந்தால் 15,000 நஷ்டம் என்று போட்டால், இன்சூரன்ஸ் வேண்டாம் என்று வந்தது. பிளைட் ஆறு மணி நேரம் லேட் என்றால் சாப்பாட்டுச் செலவு, அதற்கும் வேண்டாம். கிளம்ப முடியாமலே போய் மொத்தப் பணமும் போனால்? 2,26,000 போவது வலிக்கும், ஆனால் குடும்பம் கவிழ்ந்துவிடாது. எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். அப்புறம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்று ஒரு வரி. எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியாது, குத்துமதிப்பாக 15 லட்சம் என்று போட்டேன். வீட்டில் உடனே எடுக்கக்கூடிய பணம் 6 லட்சம் என்று வைத்துக்கொண்டேன். என்டர் தட்டினேன். விடை வரவில்லை. திரையில் 'மேத் டொமைன் எரர்' என்று சிவப்பில் வந்து நின்றது. மைனஸ் எண்ணுக்கு லாக் கிடையாதே. கையில் இருப்பதைவிட நஷ்டம் பெரிதாக இருந்தால் பெர்னூலியின் கணக்குக்கே வழி இல்லை.

அந்த எர்ரரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்தக் கடைசி வரியைப் போடும்போது என் மனதில் இருந்தது ஏதோ ஒரு பயணியின் முகம் இல்லை.

அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் ஹார்ட் அட்டாக் வந்தது. ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலி ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வாய்வு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு வாசல் தெளிக்க எழுந்த அம்மாதான், வேர்வையில் நனைந்து கிடந்தவரைப் பார்த்தது. ஆறு மணி நேரம். ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் முன்னாடியே கொண்டு வந்திருந்தால் இதயத் தசை இவ்வளவு பாதித்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "அந்த வாரம்தானேடா உனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்துச்சு" என்றார்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சரி, எடுத்தே தீருவது என்று முடிவு செய்து அப்பாவின் மெடிக்ளெய்ம் பாலிசியை முதலில் எடுத்துப் பார்த்தேன். ஸ்டென்டுக்குப் பணம் கொடுத்த அதே பாலிசி. சிகிச்சை இந்தியாவுக்குள் எடுத்தால் மட்டும் என்று ஒரு வரி இருந்தது. கப்பல் ஏறியவுடன் அது வெறும் காகிதம். உங்கள் வீட்டிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது ஆன்லைன் ஃபார்ம். ஆசிய நாடுகளுக்கு மட்டுமான பிளான், அமெரிக்கா கனடா சேராதது, அதுதான் இருப்பதில் விலை குறைவு. பெயர், வயது, பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டு வந்தால், நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வி. பயணிகளில் யாருக்காவது ஏற்கனவே நோய் ஏதும் உண்டா? ஆம். இல்லை. இரண்டு சின்ன வட்டம்.

இல்லை என்று போட்டால் நாலு பேருக்கும் எட்டு நாளைக்கு 4,610 ரூபாய். ஆம் என்று போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தேன். முதல் கம்பெனியின் பக்கம், எங்கள் அலுவலர் உங்களை அழைப்பார் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது. அந்த அலுவலர் இன்றுவரை அழைக்கவில்லை. இன்னொரு கம்பெனி கொடுத்தது. அப்பாவின் 960 ரூபாய் 2,800 ஆனது, மொத்தம் 6,450. அதையும் கொடுத்துவிட்டு ஒரு வாலையும் ஒட்டியிருந்தார்கள். பாலிசி 50,000 டாலருக்கு. ஆனால் ஏற்கனவே இருக்கும் நோயால் பிரச்சினை வந்தால், உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், 5,000 டாலர் வரைக்கும்தான். அதாவது எந்தப் பயத்துக்காக எடுக்கிறோமோ அந்தப் பயத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் காப்பு. அதற்கு 1,840 ரூபாய் கூடுதல்.

எங்கள் தெருவில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் அண்ணனிடம் கேட்டேன். நல்ல மனிதர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். "இல்லைன்னே போடு தம்பி. மூணு நாள்தானே, யாரு பாக்கப் போறா? ஆம்னு போட்டா காசும் ஜாஸ்தி, நாளைக்கு எதுக்கெடுத்தாலும் ஹார்ட்டால வந்ததுன்னு சொல்லிக் கைய விரிச்சிடுவான்" என்றார். அவர் சொன்னதில் இரண்டாவது பாதி எனக்குச் சரியாகவே பட்டது. முதல் பாதி உறுத்தியது. பாலிசிப் பத்திரத்தை முழுக்கப் படித்தேன், 38 பக்கம், எங்கள் பாடப்புத்தகத்துக்குக்கூட நான் இந்த மரியாதை கொடுத்ததில்லை. தெரிந்தே மறைத்தது கண்டுபிடிக்கப்பட்டால் பாலிசியே செல்லாது என்று தெளிவாக இருந்தது. இதய நோய்க்கான பணம் மட்டும் போகாது, கால் தடுக்கி விழுந்ததற்கான பணமும் போகும்.

ஆக என் முன்னால் மூன்று வழி. எடுக்காமல் போவது. பொய் சொல்லிக் குறைந்த விலைக்கு எடுப்பது. உண்மை சொல்லிக் கூடுதல் விலைக்குக் குறைந்த காப்பு வாங்குவது. பெர்னூலி எனக்கு உதவவில்லை. அந்த 5,000 டாலர் வரம்பைப் போட்டால் எர்ரர் திரும்பவும் வந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா, "அதான் சொல்றேன், வேண்டாம் விடு. மாத்திரையைக் கையில் எடுத்துக்கறேன்" என்றார். அம்மா அதுவரை பேசவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆம்னே போடு" என்றார். "ஆஸ்பத்திரிக்காரனுக்கு எவ்வளவு குடுக்குறான்னு நீ பாக்குற. நான் அதைப் பாக்கல. காசு ஆகும்னு தெரிஞ்சா உங்கப்பா வலியை வெளிய சொல்ல மாட்டாரு. பாலிசி இருக்குன்னு தெரிஞ்சாதான் வாயத் தொறப்பாரு. அதுக்குத்தான் அந்தக் காசு."

அப்பா தலை நிமிரவில்லை. நான் அன்று ராத்திரியே ஆம் என்ற வட்டத்தை அழுத்திப் பணம் கட்டினேன்.

அதற்கப்புறம் கொஞ்சம் இலவச இன்சூரன்ஸும் செய்துகொண்டோம். கப்பல் கிளம்பும் நாளுக்கு ஒரு நாள் முன்னாடியே சிங்கப்பூர் போய்விட்டோம். திருச்சி விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. கதவைச் சாத்தும் நேரம் என்றால் சாத்துவதுதான். கப்பலை விட்டவன் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தக் காசில் ஓடிப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் முன்னாடி போனதற்கு நாங்கள் கட்டிய பிரீமியம், அத்தை வீட்டில் ஒரு ராத்திரிப் படுக்கையும் காலை இட்லியும்தான். அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இன்டர்நெட் இல்லாமலே திறக்கிற மாதிரி போனில் வைத்துக்கொண்டேன். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொன்னது அம்மா. கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டு வந்து தருகிறார்கள், ஆகவே அது நல்ல யோசனையாக அமைந்தது.

கப்பலைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதப் போவதில்லை. பதினைந்து மாடிக் கல்யாண மண்டபம் ஒன்று தண்ணீரில் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், பந்தி மட்டும் முடிவதே இல்லை. இரண்டாம் நாள் மதியம் பினாங்கு. ஜார்ஜ்டவுனில் கப்பலை விட்டு இறங்கி நடந்தாலே சூலியா தெரு வந்துவிடுகிறது. அந்தப் பெயரே நம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளான சூலியாக்களால் வந்ததுதான். பக்கத்துக் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-லிருந்து இருக்கிறது. அப்பாயி கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இங்கதானே எங்கப்பாரு வந்து கும்புட்டிருப்பாரு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் நாசி கண்டார் சாப்பிட்டோம். இதுவும் தமிழ் முஸ்லிம்கள் அங்கே கொண்டு போன சோறுதான். எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். அம்மா முறைத்தார். கப்பலுக்குத் திரும்பி, அது கிளம்பி, படுத்தோம்.

ராத்திரி 1.40-க்கு என் தோளை யாரோ தட்டினார்கள். அப்பா.

"டேய் தம்பி. லேசா நெஞ்சு கரிக்கிற மாதிரி இருக்கு."

நான் எழுந்து உட்கார்வதற்குள், "அந்தப் பாலிசி இருக்குல்ல?" என்றார்.

இருக்குப்பா என்றேன். "அப்ப போய்ப் பாத்துரலாமா?" என்றார். என் அப்பா கேட்டார். திண்ணையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த மனிதர்.

அறையில் இருந்த போனில் அவசர எண்ணை அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் சக்கர நாற்காலியோடு ஆள் வந்துவிட்டார்கள். மருத்துவ அறை கீழ்த் தளத்தில் இருந்தது. நம்மூர்ச் சின்ன நர்சிங் ஹோம் அளவு இருக்கும். டாக்டர் ஒரு பெண், முதலில் கேட்டது, இதற்கு முன் இதயத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று. நான் போனை நீட்டினேன். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துக்கொண்டே ஈசிஜி மாட்டச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பவும் ஈசிஜி, திரும்பவும் ரத்தம். இதயத்தில் புதிதாக எதுவும் இல்லை, வயிற்று அமிலம் மேலே ஏறியிருக்கிறது என்றார். வேலை செய்தது இரண்டு தட்டு நாசி கண்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அறைக்கு வந்தோம். அம்மா விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பாயிக்குக் கடைசிவரை தெரியாது.

பில் 742 டாலர். ராத்திரிக் கட்டணம், இரண்டு ஈசிஜி, இரண்டு ரத்தப் பரிசோதனை, கவனிப்பு எல்லாம் சேர்த்து, கப்பலில் குடித்த காபிக் கணக்கோடு அறைக் கணக்கில் ஏறியது. நம் ரூபாயில் 63,000-க்குக் கிட்ட. கப்பல் ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் எல்லாம் இல்லை. முதலில் நாம் கட்ட வேண்டும், அப்புறம் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்பா அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது பாலிசி விதி. நடுக்கடலில் எப்படிச் சொல்வது? போனில் ரோமிங்கைப் போட்டால் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க் பிடித்து எக்குத்தப்பாகப் பில் வரும் என்று அத்தை முன்னாடியே எச்சரித்திருந்தார். கப்பல் வைஃபை ஒரு நாளைக்கு வாங்கி ஒரு மின்னஞ்சல் போட்டேன். அதன் நகலை அத்தைக்கும் அனுப்பினேன். அவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து பதிவு எண் வாங்கிவிட்டார். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அதையே காரணமாகச் சொல்லியிருப்பார்கள்.

நான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததே அடுத்து நடந்ததற்காக.

ஊருக்கு வந்து க்ளெய்ம் ஃபார்மோடு இணைக்க, கப்பல் டாக்டர் கொடுத்த அறிக்கையை எடுத்தேன். அதில் முதல் வரியே, 'இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டென்ட் வைக்கப்பட்ட 58 வயது ஆண்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அது எப்படி அங்கே வந்தது? நான் நீட்டிய போனிலிருந்து வந்தது. இல்லை என்ற வட்டத்தை அழுத்தியிருந்தால் இந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்திருக்கும். அது பணத்தோடு போகிற விஷயம், போகட்டும். எனக்குத் தூக்கம் கெட்டது வேறு ஒன்றால். இல்லை என்று போட்டிருந்தால், அந்த ராத்திரி டாக்டர் கேட்டபோது நான் என்ன சொல்லியிருப்பேன்? போனை நீட்டியிருப்பேனா? அறிக்கையில் எழுதிவிடுவார்களே, க்ளெய்ம் போய்விடுமே என்று ஒரு நொடியாவது யோசித்திருப்பேனா? யோசித்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் 1,840 ரூபாய்க்காக மூன்று நாள் யோசித்தவன் நான்தானே.

ஏஜென்ட் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அட, நானும் இப்படி வரும்னு நெனைக்கலப்பா" என்றார். அவர் மேல் கோபம் இல்லை. இந்த வேலையில் இருக்கிற பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், வாங்குகிற நாமும் அதைத்தான் கேட்க விரும்புகிறோம்.

பணம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இதை எழுதும் நாள் வரை இல்லை. ஏழு வாரம் ஆகிறது. பில், அறிக்கை, பாஸ்போர்ட் பக்கங்கள், போர்டிங் பாஸ், ரத்து செய்த காசோலை எல்லாம் அனுப்பியாகிவிட்டது. நடுவில் ஒரு கடிதம் வந்தது, இது இதயக் கோளாறால் வந்த வலி இல்லை என்று பழைய இதய டாக்டரிடமும் எழுதி வாங்கி அனுப்புங்கள் என்று. அண்ணன் சொன்ன இரண்டாவது பாதி சரியாகத்தான் இருக்கிறது. வாங்கி அனுப்பினோம். வந்தாலும் முதல் நூறு டாலர் நம் தலையில்தான், பாலிசியிலேயே அப்படித்தான் இருக்கிறது. அப்பா தினமும் காலையில் பேப்பர் படித்து முடித்ததும் போனில் ஒரு தடவை பார்க்கிறார். 'பரிசீலனையில் உள்ளது.' "இன்னும் பரிசீலிக்கிறான்டா" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்.

வேறு யாராவது சின்னக் கப்பல் பயணம் போகிறீர்களென்றால், கேட்டால் நான் சொல்வது இதுதான். இரண்டு லட்சத்துக்குள் முடிகிற பயணம், எல்லோருக்கும் நம் வயது, கூட வருகிறவர்களுக்கு ஒரு நோயும் இல்லை என்றாலும் அடிப்படை மருத்துவ பிளான் ஒன்று எடுங்கள். எனக்கு வந்த பிரீமியம் 520 ரூபாய்தான், இரண்டு பிரியாணி. பெட்டிக்கும் தாமதத்துக்கும் என்று மேலே மேலே போகும் தங்கம், பிளாட்டினம் பிளான்கள் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பயணம் குறுகியதால் பிரீமியம் குறைகிறது, போகும் டிக்கெட் பணமும் குறைவு, உண்மைதான். ஆனால் நெஞ்சு வலிக்கு இது மூணு ராத்திரிப் பயணமா முப்பது ராத்திரிப் பயணமா என்று தெரியாது. ஈசிஜிக்கும் ஒரே விலைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாயி டிவி பார்த்துக்கொண்டே, "நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உடுறாங்களாமே, நாலு மணி நேரந்தானாம். நல்லூர்க் கந்தனைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"தம்பி, அந்த ஃபார்ம்ல நாலாவது பக்கத்தை நானே நிரப்புறேன். நீ மத்ததைப் போடு."